கதவைச் சாத்தியது யார்? அமெரிக்கா: அன்றும் இன்றும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'அமெரிக்கா: அன்றும் இன்றும்' என்று நமக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ரயில்வே ஆபீசில் பைல் கட்டும் குமாஸ்தாவுக்கும் அமெரிக்காவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

லேக் மார்க்கெட் பக்கம் நாலு பெரியவர்கள் காப்பிக்கு உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. ஒருவர் சொல்வார்: "லிங்கன் இருந்த நாடு, உழைத்தவனை மதித்த நாடு, வந்தவனையெல்லாம் வாழவைத்த நாடு. இன்று கெட்டுப்போய்விட்டது." இன்னொருவர் சொல்வார்: "அன்றும் அது முதலாளி நாடுதான், இன்றும் முதலாளி நாடுதான். என்ன பெரிய வித்தியாசம்?" இரண்டு பேரும் பாதி உண்மை பேசுகிறார்கள். முதலாமவருக்குக் கதவுக்கு வெளியே நின்றவன் தெரியவில்லை. இரண்டாமவருக்குக் கதவைத் திறக்கப் போராடியவன் தெரியவில்லை.

ஆகவே நாம் வேறொரு அளவுகோலை எடுத்துக்கொள்வோம். ஒரு நாட்டின் பண்பை அளக்க, அங்கே முன்னால் வந்தவன் பின்னால் வந்தவனை எப்படி நடத்துகிறான் என்று பார்க்க வேண்டும். வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடையாது.

நம் ஊர் பார்த்த அமெரிக்கா

அமெரிக்காவைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. அது நம் கல்கத்தாவுக்கே வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரை, ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த நகரத்தின் வழியாகப் போனார்கள். ரயில்வேக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: 1944 மார்ச் 1 முதல், வங்காள-அஸ்ஸாம் ரயில்வேயில் கட்டிஹாருக்குக் கிழக்கே சுமார் 800 மைல் மீட்டர்கேஜ் பாதையை அமெரிக்க ராணுவ ரயில்வேப் பிரிவே பொறுப்பேற்று நடத்தியது. சீனாவுக்குப் போகும் தளவாடங்கள் அந்த வழியாகத்தான் லிடோ வரை போயின.

சர்வாதிகாரத்தை எதிர்த்துச் சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்றுதான் அவர்கள் வந்தார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் படையிலேயே வெள்ளையருக்கு ஒரு பிரிவு, கறுப்பருக்கு ஒரு பிரிவு. லிடோவிலிருந்து மலையையும் காட்டையும் வெட்டிச் சாலை போட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். மலேரியாவிலும் மழையிலும் அவர்கள் உழைத்தார்கள். அந்தப் படைப் பாகுபாட்டை ஒழிக்கும் உத்தரவு ட்ரூமன் காலத்தில், 1948 ஜூலையில்தான் வந்தது. ஒரே கப்பலில் இரண்டு அமெரிக்கா வந்திறங்கியது, தோழர்களே!

பிறகு வியட்நாம் போர் வந்தது. "அமார் நாம், தோமார் நாம், வியட்நாம்" என்று இந்த நகரத்துத் தெருக்கள் முழங்கின. 1968 நவம்பரில், வியட்நாம் போரை நடத்திய மெக்நமாரா உலக வங்கித் தலைவராக இங்கே வந்தபோது, ஊர்வலங்களுக்கு அஞ்சி அவரை விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருந்தது. அமெரிக்கத் தூதரக அலுவலகம் இருந்த ஹாரிங்டன் தெரு 1960களின் கடைசியில் ஹோ சி மின் சரணி ஆயிற்று. இன்று அதே ஹோ சி மின் சரணியில், காலையில் கோப்பும் கையுமாக விசாவுக்கு நிற்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை கூறவில்லை. நம் பாட்டனார் மதராஸ் மெயிலில் ஏறிய அதே காரணத்துக்காகத்தான் அவர்கள் விமானம் ஏறுகிறார்கள். ஆனால் போகிற இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்கிறோம்.

தண்டவாளம் போட்டவனுக்குக் கிடைத்த பரிசு

1869 மே 10 அன்று, யூட்டா பகுதியில் புரோமண்டரி என்ற இடத்தில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் சேர்ந்தன. தங்க ஆணி அடித்தார்கள். அமெரிக்காவின் பெருமை என்று இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

மேற்குப் பக்கத்துப் பாதையைப் போட்டவர்கள் யார்? பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள். சியரா நெவாடா மலையில் பாறையைக் குடைந்தவர்களும், பனிச்சரிவில் புதைந்து செத்தவர்களும் அவர்கள்தான். வெள்ளைத் தொழிலாளிக்குக் கம்பெனி சாப்பாடு போட்டது. சீனத் தொழிலாளி குறைந்த கூலியிலிருந்து தன் சோற்றுச் செலவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சமக்கூலி கேட்டார்கள்; வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டார்கள்.  கம்பெனி மலைமேல் போகும் உணவை நிறுத்தியது. ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

பாதை முடிந்து பதின்மூன்று வருஷத்தில், 1882இல், சீனத் தொழிலாளி இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் போக 1943 ஆயிற்று. கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தச் சட்டத்தைக் கேட்டது முதலாளிகள் மட்டுமா? இல்லை. "சீனன் வெளியேற வேண்டும்" என்று கலிபோர்னியாவில் மேடை மேடையாக முழங்கிய டெனிஸ் கியர்னி, தொழிலாளர் கட்சித் தலைவர்! அவரே அயர்லாந்தில் பிறந்து பிழைக்க வந்தவர். அயர்லாந்துக்காரனைச் சேர்க்காதே என்று முன்பு முகம் சுளித்த அதே நாட்டில், அந்த அயர்லாந்துக்காரன் உள்ளே இடம் பிடித்ததும் சீனனைப் பார்த்து முகம் சுளித்தான்.

இது நமக்குப் புரியாத விஷயமா? ஹவுராவில் ஜெனரல் பெட்டியில் முண்டியடித்து ஏறுகிறவன், "கொஞ்சம் நகருங்க தாதா, நாமும் மனுஷன்தானே" என்று கெஞ்சுகிறான். வண்டி கரக்பூர் வந்ததும், பிளாட்பாரத்தில் நிற்பவனைப் பார்த்து, "இடம் இல்லை, வேறு பெட்டிக்குப் போ" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவனும் அவனேதான். அமெரிக்காவின் இருநூற்றைம்பது வருஷக் கதையில் பாதி இந்தக் கரக்பூர்க் கதைதான்.

ஹவுராவும் சிகாகோவும்

மறுபாதிக் கதையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது நியாயமல்ல.

எட்டு மணி வேலை என்றால் உலகம் சிகாகோவை நினைக்கிறது. 1886 மே மாதத்தை நினைக்கிறது. அதற்கு 24 வருஷம் முன்பே, 1862இல், நம் ஹவுரா ரயில் நிலையத்தில் 1,200 தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஹவுராவில் கேட்ட குரல் அடங்கிப்போயிற்று. சிகாகோவில் கேட்ட குரல் உலகம் சுற்றிற்று. ஆனால் இரண்டும் ஒரே குரல்தான்.

அந்தச் சிகாகோ வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய எட்டுப் பேரில் ஆறு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெரும்பாலோர் ஜெர்மானியர். 1887 நவம்பரில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். 'அமெரிக்கப் பண்பு' என்று இன்று நாம் புகழும் எட்டு மணி வேலையை அமெரிக்காவுக்குப் பெற்றுத் தந்தவர்களில், அன்று 'வந்தேறிகள்' என்று ஏசப்பட்டவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். எல்லிஸ் தீவு வழியாக 1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் கையைக் கொண்டுதான் அந்த நாடு தொழிலில் உயர்ந்தது.

புல்மன் கம்பெனி கற்றுத்தந்த பாடம்

ரயில்வேக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கதை ஒன்று உண்டு. சிகாகோவில் புல்மன் என்று தூங்கும் பெட்டி செய்யும் கம்பெனி. 1893-94 மந்தத்தில் அது கூலியைக் குறைத்தது. தொழிலாளி குடியிருந்த கம்பெனி வீட்டின் வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் வெடித்தது. யூஜின் டெப்ஸ் தலைமையில் இருந்த அமெரிக்க ரயில்வே யூனியன் ஆதரவு தந்தது. புல்மன் பெட்டி கோத்த வண்டிகளை ஓட்ட மாட்டோம் என்றார்கள். பாதி நாட்டில் ரயில் நின்றது. அரசு ராணுவத்தை இறக்கியது. டெப்ஸ் ஆறு மாதம் சிறை போனார்.

இதில் எழுதாமல் விடப்படும் ஒரு வரி உண்டு. அந்த யூனியனின் மாநாட்டில், கறுப்பரை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். சேர்க்க வேண்டும் என்று டெப்ஸ் வாதாடினார். சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று முடிவாயிற்று. புல்மன் பெட்டிக்குள் வேலை செய்த பணியாட்களோ அத்தனை பேரும் கறுப்பர்கள்! எந்தக் கம்பெனியை எதிர்த்துப் போராடினார்களோ, அந்தக் கம்பெனியின் தொழிலாளியையே வெளியே நிறுத்தினார்கள். தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டோம். ராணுவமும் நீதிமன்றமும் எதிரே நின்றன. ஆனால் தன் பக்கத்தில் நிற்க வேண்டியவனைத் தானே துரத்திய சங்கம் அரைக் கையால்தானே சண்டை போட முடியும்?

அந்தக் கறுப்புப் பணியாட்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. பயணிகள் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்கள். கம்பெனி முதலாளி ஜார்ஜ் புல்மனின் ஆள் என்ற அர்த்தத்தில். 1925 ஆகஸ்டில் பிலிப் ராண்டால்ப் தலைமையில் அவர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் பட்டினியும் பழிவாங்கலும் தாங்கி, 1937இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் 400 மணி அளவில் இருந்த வேலை 240 மணியாகக் குறைந்தது.

அதோடு நிற்கவில்லை. தலைநகருக்கு ஊர்வலம் வருவோம் என்று ராண்டால்ப் சொன்ன ஒரு சொல்லுக்கு, 1941இல் ரூஸ்வெல்ட் யுத்தத் தொழிற்சாலைகளில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்து உத்தரவிட்டார். 1955இல் மாண்ட்கமரி நகரத்தில் பஸ் பகிஷ்காரத்தை முன்னின்று தொடங்கிய இ.டி. நிக்சன், இந்தச் சங்கத்தைச் சேர்ந்த ரயில் பணியாளர். 1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்தப் பெரும் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர் அதே ராண்டால்ப். மாநாட்டு வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தான், தோழர்களே, அமெரிக்காவின் மானத்தைக் காப்பாற்றினார்கள்!

நமக்கு இருந்த கதவு

நம்மவருக்கு என்ன நடந்தது? 1917 சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப் பிரதேசம் என்று அறிவித்தது; இந்தியாவும் அதில் அடக்கம். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்த பகத் சிங் திண்ட், குடியுரிமை கேட்டு உச்சநீதிமன்றம் வரை போனார். "நானும் ஆரியன், ஆகையால் வெள்ளையன்தான்" என்று வாதாடினார். 1923இல் நீதிமன்றம் மறுத்தது. ஏற்கனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்கத் தொடங்கினார்கள்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். அந்த மனிதரின் துயரம் பெரிது. ஆனால் அவர் கேட்டது கதவைத் திறக்க அல்ல. கதவின் சரியான பக்கத்தில் தம்மையும் சேர்த்துக்கொள்ள. சாதிச் சான்றைக் காட்டி உள்ளே போகப் பார்த்தார். அந்தச் சான்று செல்லவில்லை.

1946இல் இந்தியாவுக்கு வருஷம் 100 பேர் என்று ஒதுக்கினார்கள். எத்தனை பெரிய தாராளம்! உண்மையில் கதவு திறந்தது 1965 அக்டோபரில். பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கும் முறையை ஜான்சன் காலத்துச் சட்டம் ஒழித்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில்தான் கறுப்பர்களின் உரிமைச் சட்டங்கள் நிறைவேறின. நம் டாக்டர்களும் எஞ்சினீயர்களும் போனது அந்தக் கதவு வழியாக. நியூஜெர்சியில் வீடு கட்டிய நம் பிள்ளை, தன் படிப்பு மட்டுமே தன்னை அங்கே சேர்த்தது என்று நினைத்தால் கணக்குத் தப்பு. பர்மிங்ஹாம் தெருவில் நாய் கடித்தும் தண்ணீர்க் குழாயால் அடிபட்டும் நின்ற கறுப்புப் பிள்ளைகளுக்கும் அவன் கடன்பட்டவன்.

இன்று

இன்றைய நிலை என்ன? 1950களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளிகளில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 2024இல் பத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. விளைவைப் பாருங்கள். 2022இல் அமெரிக்க ரயில்வேயின் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று கேட்டார்கள். உலகத்தின் பணக்கார நாட்டில் அவர்களுக்கு அது இல்லை! டிசம்பர் 2 அன்று வேலைநிறுத்தத்தைத் தடுத்து, ஒப்பந்தத்தைத் திணிக்கும் சட்டத்தில் பைடன் கையெழுத்திட்டார். ஏழு நாள் நோய் விடுப்புக்கான தீர்மானம் கீழ்ச்சபையில் நிறைவேறி மேல்சபையில் வீழ்ந்தது. பிறகு 2023இல் சங்கங்கள் விடாமல் பேசிப் பேசிப் பல கம்பெனிகளில் சில நாள் லீவு வாங்கின. 1974 மே மாதம் நம் நாட்டில் இருபது நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சங்கம் மெலிந்த இடத்தில் கோபம் எங்கே போகும்? அடுத்து வந்தவன் மேல் போகும். 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கோடு அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. அதைப் பார்த்து, "அவர்கள் திருட்டு வழியில் போனவர்கள், எங்கள் பிள்ளைகள் விசாவோடு போனவர்கள்" என்று நம்மில் சிலர் ஆறுதல் கொண்டார்கள். அந்த ஆறுதல் எட்டு மாதம்கூட நிற்கவில்லை. செப்டம்பரில், விசாவோடு வேலைக்கு அழைக்கும் புது விண்ணப்பத்துக்கே ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. கதவைச் சாத்துகிறவன் முதலில் ஏழையின் மேல் சாத்துவான். பிறகு படித்தவன் மேல் சாத்துவான்.

ஆக, அன்று நல்லது இன்று கெட்டது என்பதும் இல்லை; என்றும் ஒரே மாதிரி என்பதும் இல்லை. பின்னால் வந்தவனையும் சேர்த்துக்கொண்ட போதெல்லாம் அந்த நாடு உயர்ந்தது. சேர்க்க மறுத்த போதெல்லாம் உள்ளே இருந்தவனும் சேர்ந்து தாழ்ந்தான்.

நம் வீட்டுக் கதவு

இதையெல்லாம் கல்கத்தாவில் உட்கார்ந்து ஏன் பேசுகிறோம்? அமெரிக்காவைத் திருத்தவா? இல்லை, தோழர்களே.

நம் பாட்டனார் இங்கே வந்தபோது அவர் பேச்சு யாருக்கும் புரியவில்லை. வங்காளிகள் நம்மைக் கேலி செய்திருக்கலாம். 'மத்ராஜி' என்று சிரித்திருக்கலாம். ஆனால் வீடு கொடுத்தார்கள். கார்டன் ரீச்சில் பக்கத்து நாற்காலி கொடுத்தார்கள். 1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றி, தென்னாட்டவன் வேலையைப் பறிக்கிறான் என்று கிளம்பியதே, அந்த மாதிரி ஓர் இயக்கம் நம்மைத் துரத்திக்கொண்டு இந்த நகரத்தில் எழவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் இங்கே குறைவாகவா இருந்தது? இருந்தும் எழவில்லை. இந்த நகரத்துக்கு நாம் பட்ட கடன் அது.

அந்தக் கடனைக் கேட்டு இன்று ஒருவன் நம் சொந்த ஊருக்குப் போயிருக்கிறான். மால்டாவிலிருந்தும் முர்ஷிதாபாதிலிருந்தும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், சென்னைக் கட்டட வேலைக்கும், ஓட்டல் சமையல்கட்டுக்கும் போயிருக்கிறான். நம் அக்காள் மகனும் அண்ணன் பிள்ளையும் அவனை 'வடக்கன்' என்கிறார்கள். கல்கத்தா எந்தத் திசை என்று கேட்டால் கிழக்கு என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள்! 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவியபோது எத்தனை பேர் மூட்டை கட்டினார்கள்! படம் பொய். ஆனால் அந்தப் பயம் பொய்யல்ல. 2025இல் வேறு சில மாநிலங்களில், வங்காளம் பேசிய ஒரே காரணத்தால் தொழிலாளிகளைப் பங்களாதேசத்தார் என்று பிடித்து வைத்தார்கள். சிலரை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டுப் பிறகு திரும்ப அழைத்துக்கொள்ளும்படியும் ஆயிற்று.

2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹாநாகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியது. 290க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முன்பதிவில்லாப் பெட்டிகளில் இருந்தவர்களில் பலர், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கூலி வேலைக்குப் போன வங்காள, பீகார்ப் பிள்ளைகள். பட்டியலில் பெயர் இல்லாத பயணிகள். அடையாளம் தெரியாமல் நாள்கணக்கில் உடல்கள் காத்திருந்தன. நாம் ஊருக்குப் போகும் வண்டி அது. அவர்கள் பிழைக்கப் போகும் வண்டியும் அதுதான்.

செய்ய வேண்டியவை

பேச்சோடு கலைந்துவிடக் கூடாது. மூன்று காரியங்களைச் சபையின் முன் வைக்கிறோம்.

ஒன்று: பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகும் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும், தம் ஊரில் வேலை செய்யும் வங்காளத் தொழிலாளிகளை நேரில் கண்டு நாலு வார்த்தை வங்காளத்தில் பேசிவிட்டு வர வேண்டும். "கேமோன் ஆச்சோ பாய்" என்று கேட்க நமக்கு வாய் வலிக்காது. அவனுக்கு அது பத்து நாள் பலம்.

இரண்டு: இங்கிருந்து வேலைக்குப் போகிறவனுக்குத் தமிழ்நாட்டில் ரேஷன், ஆஸ்பத்திரி, சம்பளப் பாக்கி, போலீஸ் நிலையம் இவற்றில் உதவும்படியாக, இரண்டு மொழியிலும் ஒரு சின்னத் துண்டுப் பிரசுரம் நம் சங்கம் போட வேண்டும். எழுதித்தர இங்கே ஆள் இருக்கிறது. அச்சுக் கூலிதான் வேண்டும்.

மூன்று: அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளுக்கு வழியனுப்பு விழா நடத்துகிறோம், சால்வை போர்த்துகிறோம். அந்த மேடையிலேயே புல்மன் பணியாட்களின் கதையையும் சொல்லி அனுப்புவோம். அங்கே அவர்களுக்குப் பின்னால் வரிசையில் ஒருவன் நிற்பான். அவன் கறுப்பனோ, மெக்சிகோக்காரனோ, நம்மவனே ஆனாலும் சரி, அவனுக்கு நகர்ந்து இடம் கொடுக்கத் தெரிந்தவனாக நம் பிள்ளை போகட்டும்.

நிதிக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். அவரைத் தாண்டாமல் யாரும் போய்விட வேண்டாம்.